தீர்த்தகிரி போட்ட அச்சு

மாசி பிறந்ததிலிருந்து மத்தியானமானால் பூங்கோதை வீட்டுக் கொல்லையில் நின்று பேச முடியவில்லை. ஒன்பது தேன்பெட்டிகளும் ஒரே சமயத்தில் இரைந்தன. வாசல்களில் ஈ மொய்த்துக் கிடந்தது. புளி உலுக்கப் போகிறவர்கள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஜவ்வாது மலையில் அந்த ஊரில் தேனைத் தெரியாதவர்கள் யாரும் கிடையாது, மரப்பொந்தில் கைவிட்டு எடுத்துத் தின்று வளர்ந்தவர்கள்தான் எல்லோரும். ஆனால் பெட்டியில் வைத்து வளர்ப்பது நாலைந்து வீடுகளில்தான். இரைச்சலைக் கேட்டால் மற்றவர்களுக்கு வாயூறியது.

"இன்னா தீர்த்தகிரி, இந்த வருசம் அண்டாவா வாங்கிடு. குடம் பத்தாது."

தீர்த்தகிரி தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுதோளில் போட்டுக்கொண்டு சிரிப்பான். புகழ்ந்தால் கூசுகிற ஆள் இல்லை அவன். "எல்லாம் ஷீட்டு பண்ற வேலண்ணா. ஊர்ல ஆருகிட்டயும் இல்லாத ஷீட்டு" என்பான்.

அவன் பெண்டாட்டி பூங்கோதை அந்தப் பேச்சில் சேரவில்லை. விடியலில் ஈ எழும்புவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியின் பின்பக்கத்தையும் இரண்டு விரலால் லேசாகத் தூக்கிப் பார்ப்பது அவள் வழக்கம். தேன் ஏறுகிற பெட்டி விரலுக்கு உடனே தெரிந்துவிடும். இந்த ஒன்பதும் நாளுக்கு நாள் லேசாகிக்கொண்டு வந்தன. மொச்சையும் துவரையும் பூத்து ஓய்ந்துவிட்டன, புங்கம் இன்னும் பூக்கவில்லை, நடுவில் கொஞ்சம் இளைக்கும்தான். ஆனாலும் இவ்வளவு கூட்டம் இருக்கிற வீட்டில் பானை காலியாகக் கிடந்தால் என்ன அர்த்தம்? அவளுக்கு மனசு ஆறவில்லை.

அந்த ஷீட்டு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் தொங்குகிற மரச்சட்டத்தில் ஒரு மெழுகுத் தாளை ஒட்டிக் கொடுத்தால் ஈக்கள் அதன் மேலேயே அடை கட்டும். தாளில் அறைகளின் அடித்தடம் அறுகோணமாகப் பதிந்திருக்கும். அறையைக் கண் என்றுதான் அங்கே சொல்வார்கள். ஈ அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு சுவர் எழுப்பும். பாதி வேலை மிச்சம், அடையும் கோணாது. தாளுக்கு வெளியூருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அது வந்து சேர்வதற்குள் பூ உதிர்ந்துவிடும். "அத்த நானே போட்டா இன்னா?" என்று தீர்த்தகிரி கேட்டது போன ஆடியில்.

கேட்டதில் தப்பில்லை. கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு வார்ப்புப் பட்டறையில் சிமெண்ட் ஜன்னல், வெண்டிலேட்டர், மாடிக் கைப்பிடித் தூண் என்று காலமெல்லாம் வார்த்தவன் அவன். எதைக் கொடுத்தாலும் அச்செடுத்துவிடுவான். கணியம்பாடியில் ஒரு வீட்டுத் தூணில் ஏறியிருக்கும் திராட்சைக்கொடி தன் கைவேலை என்று பஸ் ஜன்னல் வழியாகப் பூங்கோதையை எட்டிப் பார்க்க வைத்திருக்கிறான். சனிக்கிழமை மலையேறி வருவான், திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு இறங்கிவிடுவான். சிமெண்ட் தூசி நெஞ்சில் படிந்து, இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. திருப்பத்தூரில் நர்சிங் படிக்கிற மகள் தமிழரசி போனில் அழுதாள். பூங்கோதை அழவில்லை. "நீ ஷீட்டு போட்டுக் குடு மாமா. பெட்டியப் பெருக்கலாம், சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் நாமளே ஷீட்டு குடுக்கலாம். கீழ மட்டும் போவாத" என்றாள். கார்த்திகையில் அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டான். செவ்வாய்க்கிழமையன்று புருஷன் வீட்டில் இருப்பதைக் கல்யாணமான நாளிலிருந்து அப்போதுதான் அவள் பார்த்தாள்.

அச்செடுக்க ஓர் அடை வேண்டும். பூங்கோதை சாமை அறுப்புக்குப் போயிருந்த நாளில், மரப்பொந்திலிருந்து அறுத்து வந்து கூடையில் போட்டிருந்த அடைகளை அவன் ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தான். பெரும்பாலும் பழசு, கறுப்பேறிக் கண்கள் நெருங்கிக் கிடந்தன. ஓர் அடையின் அடியோரத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று, கண் ஒவ்வொன்றும் அகலமாக, வரிசை பிசகாமல் இருந்தது. வார்ப்புக்காரன் கண்ணுக்கு அதைவிட அழகாக எது படும்? கண்களின் சுவரை அடித்தடம் வரை வழித்துவிட்டு அந்தத் துண்டை நாலு தடவை வெள்ளை சிமெண்டில் வார்த்தான், நாலையும் சேர்த்து ஒட்டினான், புத்தகம் போல் திறந்து மூடுகிற இரண்டு பலகையாக்கிவிட்டான். சோப்புத் தண்ணீர் தடவி, உருக்கின மெழுகை ஊற்றி மூடித் திறந்தால் தாள் பிசிறில்லாமல் வந்தது.

"கண்ணு கொஞ்சம் அகலமா தெரியுதே மாமா?" என்றாள் பூங்கோதை அன்று.

"அகலமா இருந்தா நல்லது தான? பெரிய கண்ணுன்னா பெரிய ஈ. பெரிய ஈன்னா ஒரு நடையில ரெண்டு நடைத் தேனு எட்த்துனு வரும்."

அவன் முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பார்த்து அவளுக்கு மேலே கேட்க மனம் வரவில்லை. புருஷன் வீட்டோடு வந்துவிட்ட சந்தோஷத்தில் அவளும் அசந்துதான் போனாள். மார்கழியில் ஒன்பது பெட்டியிலும் ஷீட்டு ஏறியது. அடுத்த தெருவில் இருந்த அவன் அக்கா சாந்தம்மாளின் நாலு பெட்டிக்கும் தம்பியே கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தான்.

இப்போது மாசியில், பெட்டிகள் இரைந்தும் கனக்காமல் இருந்ததால், ஒருநாள் காலை வெயில் ஏறினதும் பூங்கோதை முதல் பெட்டியைத் திறந்தாள். தேங்காய் நாரைக் கொளுத்திப் புகை காட்டி, கோழி இறகால் ஈயை ஒதுக்கி, ஷீட்டு ஒட்டின சட்டத்தை மேலே எடுத்தாள். அடை ஓரம் வரைக்கும் கட்டியிருந்தது. புழு வைத்து மூடியும் ஆகிவிட்டது. சாதாரணமாக அதைப் பார்த்தால் அவளுக்கு வயிறு குளிரும். வேலைக்கார ஈ வளர்கிற கண்ணின் மூடி தட்டையாக இருக்கும். இந்த மூடிகள் எல்லாம் புடைத்திருந்தன, நடுவில் ஒவ்வொன்றுக்கும் ஊசியால் குத்தினது போல் ஒரு துளை. அது ஆண் ஈயின் மூடி.

ஆண் ஈ பூவுக்குப் போகாது. மெழுகு சுரக்காது, கொட்டக்கூடத் தெரியாது. மத்தியானத்தில் ராணியைத் தேடி ஊர் சுற்றிவிட்டு வந்து வீட்டிலிருக்கிற தேனைக் குடிக்கும். வம்சம் தழைக்கக் கொஞ்சம் வேண்டும்தான், அதற்காக ஈக்கள் தாங்களாகவே அடையின் அடியோரத்தில் கொஞ்சம் அகலமான கண்களைக் கட்டிக்கொள்ளும். இங்கே சட்டம் முழுக்க அதுவாக இருந்தது. அடுத்த சட்டமும் அப்படித்தான். நடுவில் இருந்த இரண்டு பழைய கறுப்பு அடைகளில் மட்டும் வேலைக்காரப் புழு இருந்தது. அடுத்தடுத்த பெட்டிகளையும் திறந்தாள். பிறகு திறக்கவில்லை, மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊரே வேலியோரம் நின்று புகழ்ந்த இரைச்சல் அத்தனையும் சாப்பாட்டு ராமன்களின் இரைச்சல்.

உள்ளே போய்த் தையல் டேப்பை எடுத்து வந்தாள். ஒரு பழைய அடைத் துண்டையும் மிச்சம் இருந்த ஷீட்டையும் பக்கத்தில் வைத்து அளந்தாள். பழைய அடையில் பத்துக் கண் அடங்குகிற நீளத்தில் ஷீட்டில் ஒன்பதுகூட முழுசாக அடங்கவில்லை. கண்ணுக்குக் கண் பார்த்தால் மயிரிழைதான். ராணிக்கு அந்த மயிரிழை போதும். முட்டையிடுவதற்கு முன் கண்ணை அளந்து பார்க்கிற ஜீவன் அது. சின்னக் கண்ணென்றால் வேலைக்காரிக்கு இடும், அகலமென்றால் ஆணுக்கு இடும். அச்சு போட்டவன் கேட்ட பெரிய ஈயைத்தான் அது கொடுத்திருந்தது.

மத்தியானம் களியைக் கிளறி, கருவாட்டுக் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவன் கையைத் துடைத்ததும் டேப்பையும் இரண்டு துண்டுகளையும் எதிரில் வைத்தாள்.

"மாமா, அன்னிக்கு எந்த அடையில அச்செடுத்த?"

"பொந்து அடையில. ஏன்?"

"அடியோரம் வெள்ளையா இருந்துதே, அதுலயா?"

"ஆமா. அதான் சோக்கா இருந்துது. மத்ததெல்லாம் கரி மாதிரி கெடந்துது."

"அது ஆண் ஈ கட்ற எடம் மாமா. ஒம்பது பெட்டியிலயும் ஆணா பொரிச்சி வச்சிக்கீது. நடு அடை ரெண்டு தான் நம்புளுது."

தீர்த்தகிரி டேப்பைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "மாசில ஆண் ஈ வர்றது தான?" என்றான்.

"வரும். ஒரு கைப்பிடி வரும். இது மூட்ட மூட்டயா வந்துக்கீது. இருக்கற தேனெல்லாம் குட்ச்சிட்டு ஒக்காந்துனு கீது. வேலைக்கார ஈ சாவ சாவ புதுசு வரல. இப்பிடியே வுட்டா புங்கம் பூக்கறப்ப பூவுக்குப் போறதுக்கு ஆளு இருக்காது."

"நான் அச்செடுத்தா தப்பு வராது. இத்தினி வருசத்துல ஒரு ஜன்னல் திரும்பி வந்ததில்ல."

"அச்சுல தப்பு இல்ல மாமா. எடுத்த எடத்துல தப்பு."

அவன் எழுந்து போய்க் கொல்லை வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, "அப்ப இன்னா பண்ணச் சொல்ற?" என்றான்.

"ஷீட்டு அடை அத்தினியும் அறுத்து எறியணும். ஆண் ஈய வெளிய தள்ளணும். புங்கம் போனா போவுது. வைகாசில புளி பூக்கறதுக்குள்ள பெட்டியத் தேத்திடுவேன்."

"கட்டின அடைய அறுத்தா ஈ பெட்டிய வுட்டே ஓடிப்பூடும், கோத. நீதான சொல்லுவ?"

"ஓடாம பாத்துக்கறது எம்பாடு" என்றாள். "மொதல்ல அண்ணி வூட்டுக்குப் போவணும். அங்கயும் இதே கதி தான். நீ வந்து சொல்லு."

சாந்தம்மாள் நிழலில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். புருஷனை இழந்து தனியாக நின்று இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினவள், யார் சொல்லையும் சுலபத்தில் எடுத்துக்கொள்ள மாட்டாள். சின்ன இரும்புத் துண்டின் மேல் பழத்தை வைத்து ஒரே தட்டு, கொட்டை ஒரு பக்கம் தெறிக்கும். பூங்கோதை விஷயத்தைச் சொல்லச் சொல்லத் தட்டுகிற வேகம் கூடியதே தவிரக் கை நிற்கவில்லை.

"எம் பெட்டி நெறஞ்சி வழியுது. கண்ணால பாக்கற. அத்த அறுக்கச் சொல்ற."

"நெறஞ்சிருக்கறதெல்லாம் ஆணு அண்ணி. சொம்மா தின்னுட்டு..."

"தின்னட்டும். எம் பெட்டி, எந் தேனு." ஒரு தட்டு. "ஒன்னுது இளைச்சிப் போச்சி, அதனால எல்லாருதும் இளைக்கணும். அப்பிடித் தான?"

"அண்ணி, அப்பிடி இல்ல. ஷீட்டுல..."

"ஷீட்டுல இன்னா? எந்தம்பி வாரக்கணக்கா ஒக்காந்து போட்ட ஷீட்டு. ஒனக்கு எப்பவும் அவன் செஞ்சதுல ஒரு நொட்டம். கீழ இருந்தப்ப வூட்ல இல்லன்னு கொற சொன்ன. இப்ப வூட்ல கீறான், கைவேல சரியில்லன்ற."

பூங்கோதை திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன்தான் சொல்ல வேண்டும். இரண்டு வார்த்தை போதும். தீர்த்தகிரி புளியங்கொட்டை ஒன்றை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் உருட்டிவிட்டு, "பொழுது சாயுது, போலாம்" என்றான்.

நாத்தனார் பேசினது பூங்கோதைக்கு வலிக்கவில்லை, அந்த வாய் எப்போதும் அப்படித்தான். இவன் பேசாமல் எழுந்ததுதான் நெஞ்சை அறுத்தது. வீட்டுக்கு வந்ததும் கத்தியைச் சாணைக் கல்லில் தீட்ட உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையிலிருந்து அறுத்தாள். ராணி எந்த அடையில் இருக்கிறது என்று தேடிப் பார்த்து, அதைப் பழைய கறுப்பு அடைக்கு மாற்றிவிட்டு, ஷீட்டு அடையைச் சட்டத்தோடு ஒட்ட அறுத்து வாளியில் போட்டாள். வெள்ளை வெள்ளையாய்ப் புழு வெளியே வந்து விழுந்தது. கோழிகள் வாளியைச் சுற்றிக்கொண்டன. வெறும் சட்டத்தின் மேல்கட்டையில் விரல் அகலத்துக்கு மொட்டை மெழுகுப் பட்டை ஒன்றை ஒட்டினாள். தடம் எதுவும் இல்லாத பட்டை.

தீர்த்தகிரி பக்கத்தில் நின்று சட்டத்தைப் பிடித்துக் கொடுத்தான். அதை மட்டும் செய்தான்.

"கண்ணு இல்லாம எப்பிடிக் கட்டும்?"

"பொந்துல எந்த அச்ச வச்சிக் கட்டுச்சி? எங்க சின்னது, எங்க பெருசுன்னு அதுக்குத் தெரியும்."

"அப்ப அச்சே வாணாம்ன்றியா?"

"வேணும். நல்ல ஷீட்டு குடுத்தா வெரசா கட்டும், நேரா கட்டும். இப்ப வாணாம். மொதல்ல அதுங்களே கட்டட்டும். கட்டனப்பறம் புது அடையா பாத்து, நான் காட்ற எடத்துல எடு."

அவன் அடுத்த சட்டத்தை எடுத்து நீட்டினான். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குப் பாரம் பாதி குறைந்திருக்கும்.

உச்சிப்பொழுது சாய்ந்து ஆண் ஈக்கள் ஊர் சுற்றக் கிளம்பினதும், ஒன்பது வாசலிலும் ராணிக் கேட்டைச் செருகினாள். தகரத்தில் மெல்லிசாகப் பிளவு விட்டது அது. வேலைக்கார ஈ நுழைந்து போய் வரும், உடம்பு பெருத்த ராணியால் வெளியே போக முடியாது. ராணி போகாமல் கூட்டம் ஓடாது. ஆண் ஈயும் பெருத்ததுதான், வெளியே போனது உள்ளே வர முடியாது.

சுற்றிவிட்டு வந்த ஆண் ஈக்கள் வாசலில் முட்டின. பிளவில் தலையை விட்டுப் பார்த்தன, முடியவில்லை. ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிப் பெட்டியின் முகமே கறுப்பாகிப் போனது. பசி தாங்காத ஜாதி அது, பொழுது இறங்க இறங்கக் கும்பல் கும்பலாகக் கீழே விழுந்தது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மத்தியானத்தில் கேட்டைக் கொஞ்சம் எடுத்து, உள்ளே மிச்சம் இருந்ததையும் கிளம்பவிட்டு மறுபடி செருகினாள். பூங்கோதை துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளினாள். அதைச் செய்யும்போது அவளுக்கு அழுகை வந்தது. அது பாவம் செய்த ஜீவன் இல்லையே, பிறக்க வைத்ததே நாம்தானே என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே கூட்டினாள்.

புகழ்ந்துவிட்டுப் போன ஊர் இப்போது வேலியோரம் நின்று வேறு பேசியது. சாந்தம்மாளும் வந்து பார்த்தாள்.

"ஈயக் கொல்றாளே. இவ கைபட்டு எதுடா வெளங்கும்? நீ பாத்துனு நிக்கற" என்றாள் தம்பியிடம்.

தீர்த்தகிரி பெட்டிக்குப் பின்னால் குனிந்து எதையோ சரிசெய்தான். சரிசெய்ய அங்கே ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு பூங்கோதைக்குப் புளி மரத்துக்கும் பெட்டிக்கும் நடக்கவே நேரம் சரியாக இருந்தது. காலையில் புளி உலுக்கி, பொறுக்கி, வெயிலில் காயப் போட்டுவிட்டு ஓடி வருவாள். ரேஷனில் வாங்கின சர்க்கரை அத்தனையும் பாகாகிப் பெட்டிக்குள் போனது, அவர்கள் பாலில்லாத வரக்காப்பிக்கு வெல்லத்தைக் கடித்துக்கொண்டார்கள். ஒரு பெட்டியில் ராணியே செத்துக் கிடந்தது. அந்தக் கூட்டத்தை அடுத்த பெட்டியோடு சேர்த்துவிட்டாள். எறும்பு ஏறாமல் பெட்டிக் கால்களுக்குக் கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்தாள். புங்கம் பூத்து, காடெல்லாம் மணந்து, கொட்டியும் போனது. எட்டுப் பெட்டியும் வயிற்றுக்குத் தின்றதோடு சரி, ஒரு கரண்டித் தேன் எடுக்க வழியில்லை.

கண்ணமங்கலத்து மேஸ்திரி போன் செய்தான். தீர்த்தகிரி கொல்லைப் பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தான். சாப்பிடும்போது, "திங்கக்கெழம எறங்கறேன்" என்றான்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? தேனு இல்ல. ஷீட்டும் இல்ல. ரெண்டு பேரும் இங்க ஒக்காந்துனு இன்னா பண்றது?"

"புளி பூக்கறதுக்குள்ள தேத்தறேன்னு சொன்னேன். தேறிக்கினு தான வருது? மூணாவது பெட்டியில பட்டயப் புடிச்சிக் கட்டிருக்கறத நீயே பாத்தியே. அத்தினியும் சின்னக் கண்ணு."

"பாத்தேன்."

"அப்பறம் இன்னா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "டாக்டரு மாஸ்க் போட்டுக்கச் சொன்னாரு. போட்டுக்கறேன்" என்றான்.

பூங்கோதைக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனை அவள் எதிர்த்துப் பேசாதவள் இல்லை, ஆனால் இப்படிப் பேசினதில்லை. "நீ வேலைக்குப் போவல மாமா. வெக்கத்துக்குப் போற. தப்பா எடுத்துட்டேன்னு சொல்ல வாய் வரல. அத்த சொல்றதுக்கு சிமெண்டத் தின்னுட்டு இருமறது சுளுவா கீது ஒனக்கு. என்ன ஊரு கைராசி இல்லாதவள்னு சொல்லுது. சொல்லட்டும், நான் எங்கயும் ஓடல. எம் பெட்டிங்க இங்க கீது" என்றாள்.

அவன் தட்டை நகர்த்திவிட்டுக் கையைக் கழுவினான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையில் துணியை எடுத்து வைத்தான். அவள் தடுக்கவில்லை. அழுது நிறுத்தி வைக்கிற புருஷன் மறுபடி போகத்தான் செய்வான் என்று அவளுக்குத் தோன்றியது. உள்ளுக்குள் மட்டும், போய்விடாதே, போய்விடாதே என்று அடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை பஸ்ஸுக்கு அவன் பையைத் தூக்கினபோது சாந்தம்மாள் படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு சட்டம். ஷீட்டு அடை அதில் உருக்குலைந்து தொங்கியது, அந்துப்புழு சிலந்தி வலை மாதிரி நூலிழுத்து அதை மூடியிருந்தது. முற்றத்தில் அதைப் போட்டாள்.

"மூணு பெட்டி காலி. நாலாவதுல ஒரு பிடி ஈ கூட இல்ல. போதுமா?" என்றாள் பூங்கோதையைப் பார்த்து. "அன்னிக்கு வந்து அறுக்கணும் அறுக்கணும்னு வாய வச்ச. அதோட புட்ச்சிது. எம் பையனுங்க குடுத்த காச சேத்து வச்சி வாங்கின பெட்டி. ஒருத்தி கையில இன்னொருத்தி வூடு கெடும்னு இப்ப தான் பாக்கறேன்."

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். பதில் பூங்கோதையிடம் இருந்தது, டேப்பும் இருந்தது, எடுத்து அளந்தே காட்டியிருக்கலாம். இதை அவன் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். நாத்தனாரையும் பார்க்கவில்லை. புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தீர்த்தகிரி பையைத் தோளில் மாட்டினபடி சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே ரோட்டில் பஸ் வளைவில் ஏறுகிற சத்தம் கேட்டது. அவன் பையை இறக்கி வைத்தான்.

"அக்கா, அவள ஒன்னியும் சொல்லாத. அச்சு நான் போட்டது" என்றான்.

"அச்சுக்கு இன்னாடா?"

"தப்பான எடத்துல எடுத்துட்டேன். அது ஆண் ஈ கட்ற கண்ணு. பாக்க நல்லா இருந்துதுன்னு எடுத்தேன். அதான் ஒம் பெட்டி அத்தினியும் ஆணா பொரிஞ்சி, இருந்தத தின்னு தீத்துட்டுச்சி. இவ மொத நாளே அளந்து காட்டினா. நான் கேக்கல."

சாந்தம்மாள் தம்பி பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு எம் முன்னால ஒக்காந்துனு இருந்தியே. இவள நான் அத்தினி பேச்சு பேசினேனே. அப்ப ஏண்டா வாயத் தொறக்கல?"

அவனுக்கு இருமல்தான் வந்தது. பஸ் வந்து நின்று, ஆரன் அடித்து, போயும் விட்டது.

பூங்கோதை பேச்சை வளர்க்கவில்லை. "நாலாவதுல ராணி கீதா அண்ணி?" என்று கேட்டாள்.

"கீது. இளைச்சிப் போயி ஓரமா நடந்துனு கீது."

"அப்ப பெட்டி சாவல."

புகைக்கலத்தை எடுத்துக்கொண்டு மூன்றாவது பெட்டியைத் திறந்தாள். மொட்டைப் பட்டையில் ஈக்கள் தாங்களாகவே கட்டின அடை அது. கொஞ்சம் நெளிந்திருந்தது, ஆனால் கண்கள் அத்தனையும் சின்னது, மூடிகள் தட்டை. இரண்டொரு நாளில் பொரிந்து வெளியே வரப்போகிற வேலைக்காரக் கூட்டம் அந்த ஒரு சட்டத்தில் இருந்தது. எட்டுப் பெட்டியிலும் இதுதான் திடமானது. அவள் இத்தனை நாள் ஓடின ஓட்டமெல்லாம் சேர்ந்து அந்த அடையில் கிடந்தது. ஈயை உதறி இறக்கிவிட்டுச் சட்டத்தை வெளியே எடுத்தாள்.

தீர்த்தகிரி பதறிப்போனான். "கோத, அத்த குடுத்தா நம்ம பெட்டி புளிக்கு நிக்காது."

"நிக்காட்டி போவட்டும். மீதி ஏழு கீது, அதுல பாத்துக்கலாம். நீ குடுத்த ஷீட்டால போன ஈக்கு ஈடு நம்ம வூட்ல இருந்து தான் போவணும்."

சாந்தம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவளிடம் இல்லை. "சக்கரப் பாகு எவ்ளோ ஊத்தறது?" என்று மட்டும் கேட்டாள். பூங்கோதை சொன்னாள். இரண்டு பெண்களும் பாகு காய்ச்ச அடுப்படிக்குப் போகத் திரும்பினார்கள்.

"அத்த எங்கிட்ட குடு" என்றான் தீர்த்தகிரி.

புழுவுக்குச் சூடு போகாமல் இருக்க வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியில் பூங்கோதை சட்டத்தைச் சுற்றி நீட்ட, பிள்ளையை வாங்குவது போல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கொல்லை வழியாகப் போனால் அக்கா வீடு பத்தே எட்டு. அவன் கொல்லை வழியாகப் போகவில்லை. படலைத் திறந்து தெருவில் இறங்கினான். தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா தீர்த்தகிரி, பஸ்ஸு போயிடுச்சே. கையில இன்னா?" என்று முதல் வீட்டில் கேட்டார்கள்.

அவன் நின்றான். தான் தப்பான அச்சுப் போட்டதையும், அக்கா பெட்டி அதனால் செத்ததையும், பூங்கோதை சொல்லியும் கேட்காமல் போனதையும் முதலிலிருந்து சொன்னான். சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தான். அங்கே யாரும் கேட்கக்கூட இல்லை. அங்கேயும் நின்று முதலிலிருந்து சொன்னான். அடுப்படி வாசலில் அகப்பையோடு நின்றுகொண்டு பூங்கோதை அதைக் கேட்டாள். ஓடிப்போகிறவன் இப்படி வீடு வீடாக நிற்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளே போய்ப் பாகை இறக்கி வைத்துவிட்டு, அவன் பையிலிருந்த துணிகளை எடுத்துக் கொடியில் போட்டாள்.